பசிக்கு மதம் கிடையாது



நம்ம ஆலய அன்னதான வரிசையில நேப்பாள, மியன்மார் தொழிலாளர்களும் வந்து நிக்கிறாங்க. "பக்தர்களுக்கே பத்துமா? இவங்களுக்கு வேறயா?" என்று சிலர் முணுமுணுக்கிறாங்க. இதுக்குப் பதில் நம்ம வரலாற்றிலேயே இருக்கு. கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல புத்தர். ஆளவி என்ற ஊரில் அவர் உபதேசம் செய்ய அமர்ந்தார். ஓர் ஏழை விவசாயி, தொலைந்த மாட்டைத் தேடி அலைஞ்சுட்டு, பசியோடு தாமதமா வந்தான். அதுவரைக்கும் புத்தர் பேசாமல் காத்திருந்தார். வந்ததும் அவனுக்குச் சோறு போடச் சொன்னார். அவன் சாப்பிட்ட பிறகுதான் உபதேசம். தம்மபதத்தின் பழைய உரையில் வரும் கதை இது. பௌத்தம் போற்றும் மைத்ரி, கருணை என்ற இரண்டு குணமும் பதஞ்சலியின் யோக சூத்திரத்திலும் இருக்கு.

அடுத்தது மணிமேகலை. சீத்தலைச் சாத்தனார் பாடிய பௌத்த காப்பியம். அதில் வரும் அமுதசுரபியைக் கொடுத்தது யார் தெரியுமா? மதுரையில் ஆபுத்திரன் பிச்சை எடுத்து, கண் தெரியாதவர், நடக்க முடியாதவர், ஆதரவில்லாதவர் எல்லாருக்கும் கொடுத்துட்டு மிச்சத்தைத்தான் சாப்பிடுவான். ஒரு மழைக்கால நள்ளிரவில் சிலர் பசியோடு வந்து கேட்டாங்க. கையில ஒன்றும் இல்லை. கலங்கி நின்னவனுக்குச் சிந்தாதேவி, அதாவது நம்ம கலைமகள், அள்ள அள்ளக் குறையாத அந்தப் பாத்திரத்தைக் கொடுத்தாள். பிறகு அது மணிபல்லவத்தில் ஒரு பொய்கையிலிருந்து வைகாசி விசாகத்தன்று மணிமேகலை கைக்கு வந்தது. நமக்கு முருகன் நாள், பௌத்தர்களுக்குப் புத்தர் நாள். அவள் புகார் நகரத்தில் பசித்தவர்களுக்குச் சோறு போட்டு, சிறைச்சாலையையே அறச்சாலையா மாத்தினாள்.

கடைசியா வள்ளலார். முருகனையும் சிவனையும் உருகிப் பாடியவர். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, மதம், மொழி, ஊர் எதுவும் கேட்காமல் சோறு போடணும், இதுதான் அங்கே சட்டம். அன்னிக்கு ஏற்றிய அடுப்பு இன்னிக்கும் அணையலை.

பாருங்க, கலைமகள் கொடுத்த பாத்திரத்தால பௌத்தத் துறவி பசி தீர்த்தாள். ரெண்டு மதமும் அன்பைப் பசிச்ச வயித்துல இருந்துதான் ஆரம்பிக்குது. நேப்பாளத்தவரில் பலர் இந்துக்கள், மியன்மார்க்காரர்களில் பலர் பௌத்தர்கள். அப்படி இல்லாட்டியும் பசி ஒண்ணுதான்.

அதனால வரிசையில நிக்கிறவரை "நீங்க யாரு?" என்று கேட்க வேண்டாம். "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்க. சோறு பத்தாதுன்னு கவலைப்படுறவங்க அடுத்த வாரம் ஒரு பை அரிசியோட சமையல்கட்டுக்கு வாங்க. காய் நறுக்கவும் ஆள் வேணும்.

திருச்சிற்றம்பலம். 🙏