போதைக் காளானும் ஒப்பாரியும்

வேடசந்தூர் வழியாகக் கொடைக்கானலுக்குப் போகும் வாலிபர்களில் சிலர் போதைக் காளானைத் தேடிப் போகிறவர்கள். அதன் போதைச் சத்தை வைத்திருப்பது 1985-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அந்த இனத்துக் காளானை மெக்ஸிகோவின் மலைவாசிகள் நோய் தீர்க்கும் இரவுப் பூஜையில் உண்டு வந்தார்கள். 1955-இல் மரியா சபீனா என்ற வைத்தியக் கிழவி அதை வாஸன் என்ற அமெரிக்கருக்குக் கொடுத்தாள். அவர் பத்திரிகையில் எழுதினார், கூட்டம் திரண்டது, பாவம், அவள் வீட்டையே ஊரார் கொளுத்திவிட்டார்கள்!

2016-இல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை ஆராய்ச்சியில், புற்றுநோய் கண்டு, சாவை நினைத்து மனம் ஒடிந்திருந்த 51 பேருக்கு அந்தக் காளானின் சத்தைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆறு மாதம் சென்றும் பெரும்பாலோருக்குத் துயரம் தணிந்தே இருந்தது. ஆனால் மருந்து தின்றவரை ஒரு கணமும் தனியே விடவில்லை. துணைக்கு ஆட்கள் பகல் முழுவதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

நம் பக்கத்துச் சாவு வீடுகளில், பிள்ளையைப் பறிகொடுத்தவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கும் பெண்களும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், காளான் இல்லாமலே.