நக்லாவில் வீழ்ந்த விண்கற்கள்

எகிப்து தேசத்தில் அலெக்சாந்திரியா நகர்க்குத் தென்கிழக்கே, அபு ஹொம்மொஸ் வட்டத்தைச் சார்ந்தது நக்லா என்னும் சிற்றூர். 1911ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் நாட் காலை ஒன்பது மணியளவில், அவ்வூர் வானிற் புகைத்தாரை ஒன்று தோன்ற, இடியோசை எழுந்து கற்கள் பல சிதறி வீழ்ந்தன. சில நிலத்திற் புதைந்து கிடந்தன. திரட்டப்பட்டவை ஏறத்தாழ 40. அவற்றின் நிறை 10 கிலோகிராம் அளவிற்று.

இந்நிகழ்ச்சியோடு ஒரு கதையும் பிறந்தது. தென்ஷால் என்னும் ஊரின் உழவரொருவர், விண்கல்லொன்று நாயின்மேல் வீழ்ந்து அதனை நொடிப்பொழுதிற் சாம்பலாக்கிற்று என்றார். செய்தித்தாள் அதனை வெளியிட்டது. கதை உலகெங்கும் பரந்தது. ஆயின் அவர் குறித்த நாள் ஜூன் 29. அவரது ஊரோ கற்கள் கிடைத்த இடத்திற்குச் சேய்மையிலுள்ளது. ஆங்குக் கல்லும் கிடைத்திலது. நாயின் எச்சமும் கிடைத்திலது. அன்றியும், விண்கல் காற்றினூடு வருங்கால் அதன் புறத்தோடு உருகிக் கருகுமேயன்றி, அகம் வெம்மை கொள்வதில்லை. ஓருயிரைச் சாம்பலாக்கும் அனல் அதற்கு ஏது? உரையளவை கொள்ளற்பாலதாவது உரைப்போன் தக்கோனாதல் பற்றி மாத்திரமன்று. காட்சியோடும் கருதலோடும் மாறுகொள்ளாமையும் வேண்டும். எனினும் அவ்வுழவரைப் பொய்யரென்று பழித்தல் தகாது. வானம் முழங்கிய நாளில் அச்சமும் வியப்பும் எவரையும் மயக்கும்.

இனி, அக்கல்லின் மெய்வரலாறோ கதையினும் வியப்புடைத்து. பெரும்பாலான விண்கற்கள் 450 கோடி ஆண்டுகட்கு முற்பட்டன. நக்லாக் கல்லோ எரிமலைக் குழம்பினின்று இறுகி 130 கோடி ஆண்டளவே ஆயது. சிறுகோள்கள் அதற்கு நெடுநாள் முன்னரே குளிர்ந்துவிட்டமையின், பெரியதொரு கோளே அதன் பிறப்பிடமாதல் வேண்டும் என்று அறிஞர் கருதினர். பிரான்சு தேசத்துச் சசீஞ்ஞியில் 1815இலும், நம் பாரத தேசத்துப் பீகாரிலுள்ள ஷெர்காட்டியில் 1865இலும் வீழ்ந்தனவும் இதற்கு இனமாவன.

1976இல் வைக்கிங் விண்கலங்கள் செவ்வாயில் இறங்கி, அதன் வளியை அளந்தன. அண்டார்க்டிக்காப் பனிவெளியிற் கண்டெடுத்த ஷெர்காட்டி இனத்துக் கல்லொன்றின் பளிங்குத் துளிகளுள் அடைபட்டிருந்த வளி, அவ்வளியோடு ஒத்திருத்தல் 1983இல் வெளிப்பட்டது. செவ்வாயின்மேற் பெருங்கல் மோதிய வேகத்தால் ஆண்டுள்ள பாறை விண்ணிற் சிதறுண்டு, நக்லாக் கல் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் ஆண்டு வெறுவெளியிற் சுழன்று இவ்வுலகினை அடைந்தது. அதன் பிளவுகளில் நீரால் விளைந்த களிமண் படிவுகளும் உள. அவை ஈண்டு வீழ்ந்தபின் தோன்றியனவல்ல. கல்லின் புறத்தோடு கருகுதற்கு முன்னரே, செவ்வாயிலேயே அமைந்தன.