முதுகுத் தசையும் கொழுந்துக் கூடையும்

பலாங்கொடையில இருந்து கொழும்புக்குப் போற பஸ்ஸில் ஏறினால் பெல்மதுளை, இரத்தினபுரி, அவிசாவளை தாண்டி மஹரகம வரும். கையில பைலோட சில பெண்கள் அங்கேயே இறங்குவாங்க. எங்க தோட்டங்கள்ல மஹரகமன்னு சொன்னாலே கென்சர்னுதான் அர்த்தம்.

இலங்கைப் பெண்களுக்கு அதிகமாக வருவது மார்பகப் புற்றுநோய். மார்பை எடுத்த பிறகு அதைத் திரும்ப அமைக்கலாம் என்ற பேச்சு மட்டும் லயத்துக்கு வந்து சேர்றதில்ல. "உயிர் தப்பினதே பெரிசு, இனி அது எதுக்கு?"ன்னு முடிச்சிருவோம். இந்த "எதுக்கு" நாம கண்டுபிடிச்சது இல்ல. இதைப் பெரிய பெரிய டொக்டர்மாரே சொல்லியிருக்காங்க.

1894இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட் தன் முறையை வெளியிட்டார். மார்பு, அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகள், அக்குள் நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துவிடுவது. பல பெண்களுக்குக் கை வீங்கியது, தோள் இறுகியது. ஆனாலும் பல பத்தாண்டுகள் அதுவே வழக்கம். மீளமைத்தால் நோய் திரும்புவது மறைந்துவிடும் என்ற பயமும் இருந்தது.

மாற்று வழி தேடியவர்களும் அப்போதே இருந்தார்கள். 1895இல் ஜெர்மனியில் வின்சென்ஸ் செர்னி, ஒரு மேடைக் கலைஞரின் இடுப்புப் பக்கத்துக் கொழுப்புக்கட்டியை எடுத்து, மார்பு இருந்த இடத்தில் வைத்தார். 1906இல் இத்தாலியரான தன்சினி, முதுகின் அகன்ற தசையைத் தோலோடு முன்பக்கம் திருப்பிக் காயத்தை மூடும் முறையை எழுதினார். அதை உலகம் மறந்தே போனது. 1970களில்தான் மீண்டும் கையில் எடுத்தார்கள். 1982இல் வயிற்றுத் தசையைப் பயன்படுத்தும் முறையும் வந்தது.

அதே காலத்தில் பெண்களும் கேள்வி கேட்க ஆரம்பிச்சாங்க. அப்போதெல்லாம் கட்டியைப் பரிசோதிக்க மயக்க மருந்து கொடுப்பார்கள். புற்றுநோய் என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பை எடுத்துவிடுவார்கள். கண் முழிச்சுப் பார்த்தாத்தான் அவளுக்கே தெரியும். 1974இல் ரோஸ் குஷ்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், "முதல்ல சொல்லுங்க, பிறகு நான் முடிவெடுக்கிறேன்" என்று நின்றார். 1979இல் அமெரிக்க நிபுணர் குழுவொன்றும் பரிசோதனையையும் சிகிச்சையையும் பிரிக்கச் சொன்னது. 1985இல் பெர்னார்ட் ஃபிஷர் குழுவின் ஆய்வு, ஆரம்பநிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் பலருக்குப் போதும் என்று காட்டியது.

இதை நம்ம மலைக்குக் கொண்டுவந்து பாருங்க. கொழுந்தைச் சுமக்கிறது முதுகு. ரப்பர் மரத்துல பால் வெட்டுறது தோளும் கையும். முதுகுத் தசையை எடுத்தாலும் அன்றாட வேலைகளைப் பெரும்பாலானோர் சமாளித்துவிடுவார்கள். ஆனால் பாரம் தூக்குவதும் மேலே எட்டி இழுப்பதும் சிலருக்குக் கடினமாகலாம். வயிற்றுத் தசையை எடுத்தால் குனிந்து நிமிர்வதில் பலம் குறையலாம். ஒபிஸில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயம். நிறுவையில கிலோ குறைஞ்சா அரைப் பேர் மட்டும் விழுற பெண்ணுக்கு இது சம்பளம்.

அதுக்காக "தோட்டத்துப் பொம்பளைக்கு இது வேணாம்"னு நாம முடிவு செய்யவும் முடியாது. கோப்பித் தோட்டத் தொழிலாளருக்கான மருத்துவச் சட்டம் 1872இலேயே வந்தது. அப்போதிருந்து இந்த உடம்பைப் பற்றிக் கேட்கப்படும் முதல் கேள்வி, "எப்ப வேலைக்கு வருவா?" என்பதுதான். சேலையைச் சரிசெய்து கொண்டு பீலிக்கரையில் கூச்சத்தோடு குளிப்பவளுக்குத் தன் உடம்பு தனக்காகவும் வேணும்.

தசையை விட்டுவிட்டுத் தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுக்கும் முறை 1990களில் வளர்ந்தது. சிலிக்கன் வைப்பதும் உண்டு. உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்பும் உண்டு. ஒன்றும் வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான். அதை அவள்தான் எடுக்கணும்.

உங்க அம்மாவோ சித்தியோ கிளினிக் போனா, சிங்களம் தெரிஞ்ச நீங்களும் கூடப் போங்க. கையெழுத்து வைக்கும் முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: என்னத்தை எடுக்கப் போறீங்க? திரும்ப அமைக்க வழி இருக்கா? அவங்க கூடை தூக்குறவங்க, பிறகு தூக்கலாமா? பதிலை அவங்களுக்குத் தமிழ்ல சொல்லுங்க. பிறகு அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க.