இரும்புக்கை மாயாவியும் என் மகளும்

போன ஞாயிறு புனே வீட்டுப் பரணை ஒழிச்சப்போ பழைய முத்து காமிக்ஸ் கட்டு சிக்கியது. இரும்புக்கை மாயாவியை மறக்க முடியுமா? 1962-ல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் பிறந்தவர். வரைந்தவர் ஸ்பெயின்காரர் பிளாஸ்கோ. 1972-ல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ், முதல் இதழிலேயே அவரைத் தமிழ் பேச வைத்தது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் தெரியும். (நானும் பிளக்கில் விரல் வைக்கப் போய் அப்பாவிடம் உதை வாங்கினது தனிக்கதை.)

பாடப் புத்தகத்தைவிட இதில்தான் தமிழை வேகமாகப் படிக்கப் பழகினேன். இங்கே இந்தி, மராத்தி படிக்கிற மகள் படத்தை வைத்தே கதை சொல்லிவிட்டாள். பலூனுக்குள் இருப்பதுதான் புரியவில்லை. இப்போ தினம் ராத்திரி இரண்டு பக்கம், எழுத்துக் கூட்டி. தானாக வாசித்த முதல் வார்த்தை 'ஐயோ!' வில்லன்கள் புண்ணியம்.