எலும்புக் குவியல் ரெஜினா ஆன கதை

கனடாவின் சாஸ்காட்செவான் மாகாணத் தலைநகர் ரெஜினா. அந்த ஊர் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா ஒரு விஷயம் உறுத்தும். பழைய ரயில் நிலையமும் கடைவீதியும் ஒரு பக்கம். பழைய ஆளுநர் மாளிகை அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி. குதிரைப் போலீஸ் முகாம் அதையும் தாண்டி. நடுவுல மலையும் இல்லை, பெரிய ஆறும் இல்லை. எல்லாம் பலகை மாதிரி சமவெளி. அப்புறம் ஏன் ஊர் இப்படிப் பிரிஞ்சு கிடக்கு?

மனை வியாபாரம்தான் காரணம்.

கனடியன் பசிபிக் ரயில்வேக்கு நாட்டின் குறுக்கே தண்டவாளம் போடச் சொல்லி 1881-ல் அரசாங்கம் கொடுத்தது 2.5 கோடி டாலர் ரொக்கம், அதோட 2.5 கோடி ஏக்கர் நிலம். ஆக, கம்பெனிக்கு ரயில் ஓட்டுறது ஒரு தொழில்னா, ஊர் உண்டாக்கி மனை விற்பது இன்னொரு தொழில். முதலில் பாதை வடக்கே, அப்போதைய தலைநகரான பேட்டில்ஃபோர்ட் வழியாகப் போவதாக இருந்தது. பிறகு தெற்கே மாற்றிவிட்டார்கள். ரயில் வராத ஊர் எப்படித் தலைநகராக இருக்கும்? புது இடம் தேட வேண்டி வந்தது.

தேடியவர் வடமேற்குப் பிரதேசங்களின் துணைநிலை ஆளுநர் எட்கர் டியூட்னி. தண்ணீரும் மரமும் உள்ள கப்பெல் பள்ளத்தாக்குப் பக்கம்தான் தலைநகர் வரும்னு பலர் நம்பினாங்க. 1882 ஜூன் கடைசியில் அவர் காட்டியதோ பொட்டல் சமவெளி. ஒரு சின்ன ஓடை, மழை பெய்தால் காலை விடாத களிமண். மரம் கிடையாது. அதுக்குப் பக்கத்திலேயே டியூட்னியும் கூட்டாளிகளும் ஏற்கெனவே நிலம் வாங்கிப் போட்டிருந்தார்கள்!

கம்பெனி மட்டும் சும்மா இருக்குமா? ரயில் நிலையத்தை டியூட்னியின் நிலத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ ரெண்டு மைல் தள்ளி வைத்தது. நிலையம் இருக்கிற இடத்துக்குத்தானே கடை, வங்கி, ஹோட்டல் எல்லாம் வரும். டியூட்னி தன் கையில் இருந்ததை வைத்து இழுத்துப் பார்த்தார்: ஆளுநர் குடியிருப்பும் போலீஸ் முகாமும் மேற்கே போயின. அந்த இழுபறியோட தடம்தான் வரைபடத்தில் நாம பார்க்கிறது.

பெயர் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். கிரீ மக்கள் அந்த ஓடைக்கரையை 'எலும்புகள் குவிந்து கிடக்கும் இடம்' என்று அழைத்தார்கள். வேட்டையாடிய காட்டெருமைகளின் எலும்பை அங்கே அடுக்கி வைப்பார்கள். சொந்தங்களின் எலும்பு கிடக்கிற இடத்தை விட்டு மந்தை போகாது என்ற நம்பிக்கையாம். வாஸ்கனா என்ற ஓடைப் பெயர் அந்தக் கிரீ சொல்லிலிருந்து வந்ததுதான். 1882 ஆகஸ்ட் 23-ல் தண்டவாளம் வந்து சேர்ந்தது. கவர்னர் ஜெனரலின் மனைவி இளவரசி லூயிஸ், தன் அம்மா விக்டோரியாவை நினைத்து வைத்த பெயர் ரெஜினா. லத்தீனில் 'ராணி'. எலும்புக் குவியல்னு பேர் இருந்தா மனை விற்குமா என்ன!

ஆனா எலும்பு அவ்வளவு சீக்கிரம் போகலை. காட்டெருமை மந்தைகள் ஏற்கெனவே அழிந்துவிட்டன. சமவெளி முழுக்க மிச்சம் கிடந்தது எலும்புதான். கோதுமை கைகொடுக்கிற வரைக்கும் குடியேறிகள் அதைப் பொறுக்கி வண்டியில் கொண்டுவந்து விற்றார்கள். உரத்துக்கும் சர்க்கரை சுத்திகரிப்புக்கும் அது ரயில் ஏறிப் போனது.

மந்தையை நம்பி வாழ்ந்த மக்கள் என்ன ஆனார்கள்? இதே டியூட்னிதான் பூர்வகுடிகளுக்கான ஆணையரும். ரேஷன் அவர் கையில். ரயில் பாதைக்குத் தெற்கே சைப்ரஸ் குன்றுகளில் இருந்த கூட்டங்களை அங்கிருந்து கிளப்ப, உணவை நிறுத்துவதையே ஆயுதமாகப் பயன்படுத்தினார்கள். தலைவர் பியாபாட்டின் கூட்டம் ரெஜினாவுக்குக் கிழக்கே இந்தியன் ஹெட் பக்கம் கொண்டுவரப்பட்டது. 1883–84 குளிர்காலத்தில் அங்கே பசியிலும் நோயிலும் பலர் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள் பிறகு கப்பெல் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். ரெஜினாவைப் பற்றிப் பேசுறவங்க மனைச் சண்டையைச் சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. இந்தக் குளிர்காலத்தையும் சேர்த்துத்தான் சொல்லணும்னு எனக்குத் தோணுது. ரெண்டிலும் கையெழுத்துப் போட்ட அதிகாரி ஒருத்தர்தானே.

1883-ல் ரெஜினா தலைநகரானது. தண்ணீருக்காக அதே வருஷம் ஓடையில் அணை கட்டினார்கள். மெட்டிஸ் தலைவர் லூயி ரியெல் இங்கேதான் விசாரிக்கப்பட்டு, 1885 நவம்பர் 16-ல் போலீஸ் முகாமில் தூக்கிலிடப்பட்டார். ஊர் உடனே வளர்ந்துடலை. 1901-ல் மக்கள்தொகை 2,249 பேர்தான். அதுக்கப்புறம் கோதுமை நிலத்துக்குக் குடியேறிகள் கூட்டம் கூட்டமாக வர, 1911-ல் 30,213.

மனைச் சண்டையில் ஜெயித்தது கம்பெனிதான். நகர மையம் நிலையத்தை ஒட்டியே வளர்ந்தது. தோற்றவர் பெயர், மையத்திலிருந்து ஆளுநர் மாளிகைப் பக்கம் போகிற நீளச் சாலைக்குப் போனது: டியூட்னி அவென்யூ. அவர் பெயரில் ஒரு பூங்காவும் இருந்தது. 2021-ல் நகர மன்றம் அதை மாற்றியது. புதுப் பெயர் 'பஃபலோ மெடோஸ்', காட்டெருமைப் புல்வெளி.