நாற்றமும் நாணயமும்

நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் மாடமாளிகைகளை வருணிப்பர். நிலத்தடிச் சாக்கடைகளைப்பற்றி வாய்திறவார். ஆயினும், ஒரு சமுதாயம் யாருடைய உயிரை மதித்தது, யாருடைய உயிரை மறந்தது என்பதை அறியச் சாக்கடையினும் சிறந்த சான்று பிறிதில்லை. இலண்டன் மாநகரின் கதையை இங்கு நோக்குவோம்.

1848-49 இல் அந்நகரில் வாந்திபேதி 14,000க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. 1853-54 இல் மேலும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். கழிவு கலந்த தேம்ஸ் நதியின் நீரையே பலர் பருகினர். 1855 இல் மாநகர வேலைச் சபை அமைக்கப்பட்டது. அதன் பொறியியலாளர் யோசப் பசல்ஜெற் திட்டமும் வகுத்தார். ஆனால் கழிவு நதியில் எங்கே விழவேண்டும், அதற்கான செலவை யார் ஏற்பது என்று அரசாங்கமும் சபையும் ஈராண்டுகள் வழக்காடின.

1858 கோடையில் நதியின் நாற்றம் பாராளுமன்றத்துள்ளும் புகுந்தது. பல்லாயிரம் பிணங்கள் அசைக்காத மன்றத்தை அந்நாற்றம் அசைத்தது. ஆகஸ்ட் மாதத்தில் சட்டம் நிறைவேறியது. சபை 3 மில்லியன் பவுண் கடன்பெறலாம். நகர மக்கள் 40 ஆண்டுகள் வரியிறுத்து அதனைத் தீர்க்கவேண்டும். இவ்வாறு 82 மைல் நீளமான பெருங்கால்வாய்கள் எழுந்தன. செலவோ 4 மில்லியனைத் தாண்டியது.

பயன் எல்லார்க்கும் ஒருங்கே கிட்டவில்லை. 1866 இல் வாந்திபேதி மீண்டபோது மாண்ட 5,000க்கு மேற்பட்டோரில் மிகப் பெரும்பாலோர், கால்வாய் இணைப்பு முற்றுப்பெறாத கிழக்கு இலண்டனின் உழைக்கும் மக்களே. தனியார் கும்பனியொன்று வழங்கிய மாசுற்ற நீரே அவர்களுக்கு எமனாயிற்று.

கட்டுவது ஒருமுறை, காப்பது என்றென்றும். 1887 முதல் கழிவின் கசடைக் கப்பலேற்றிக் கடலிற் கொட்டினர். 1998 வரை அது தொடர்ந்தது. புதிய கால்வாயைத் திறந்துவைக்க அமைச்சர் வருவார். பழைய குழாயைச் செப்பனிடும் செலவுக்குப் பரிந்துபேச எவரும் வாரார். 1980களில் அரசாங்கம் பொது நீர் அதிகாரசபைகள் கடன்பெறுவதை இறுக்கியது. முதலீடின்றி அவை மெலிந்தன. அம்மெலிவையே காரணங்காட்டி, ஏறத்தாழ 5 பில்லியன் பவுண் கடனைத் தள்ளுபடி செய்து, 1989 இல் அவற்றைத் தனியாருக்கு விற்றது. பங்குதாரர் ஆதாயம் பெற்றனர். 2024 இல் தேம்ஸ் வோட்டர் நிறுவனத்தின் கடன் 15 பில்லியன் பவுணைத் தாண்டிற்று. நதியிற் கழிவு விழுவதோ ஓயவில்லை.

பொதுச் சொத்தைப் பட்டினிபோட்டுவிட்டு, அது மெலிந்ததென்று விற்பது நியாயமாகாது. கழிவு எல்லார்க்கும் பொது; அதனை அகற்றும் செலவும் பொது. இதனை ஏற்க மறுக்கும் சமுதாயத்தில், அச்செலவை ஏழைகள் தம் உயிரால் இறுக்கின்றனர். இலண்டன் நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.