2009 பன்றிக் காய்ச்சல்: மருத்துவமனைக் காப்புக் கருவிகளும் மருந்துகளும்

2009இல் பரவிய எச்1என்1 இன்ஃபுளுவென்சாவின்போது மருத்துவமனைகளில் பயன்பட்ட முகக்கவசம் முதலிய காப்புக் கருவிகளையும் தீநுண்மி எதிர்ப்பு மருந்துகளையும் பற்றியது இக்கட்டுரை. உலக சுகாதார அமைப்பு 2009 ஜூன் 11 அன்று இந்நோயைப் பெருந்தொற்றாக அறிவித்தது. 2010 ஆகஸ்ட் 10 அன்று பெருந்தொற்று முடிவுற்றதாகத் தெரிவித்தது.

முகக்கவசம் பற்றிய கருத்து வேறுபாடு

அறுவை முகக்கவசம் இருமலில் தெறிக்கும் பெரிய துளிகளைத் தடுக்கும். ஆனால் அதன் ஓரங்களில் காற்று புகும். என்-95 கவசம் முகத்தோடு ஒட்டியிருந்து, 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டை வடிகட்டும். தாடி இருந்தால் இப்பொருத்தம் கெடும்.

வழக்கமான பராமரிப்புக்கு அறுவை முகக்கவசம் போதும், மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துதல் போன்ற பணிகளுக்கே என்-95 தேவை என்றது உலக சுகாதார அமைப்பு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமோ எல்லாப் பராமரிப்புக்கும் என்-95ஐப் பரிந்துரைத்தது. கனடாவின் ஒன்ராறியோவில் 8 மருத்துவமனைகளின் 446 செவிலியரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2009இல் வெளியானது. அறுவை முகக்கவசம் அணிந்தோரில் 23.6 விழுக்காட்டினருக்கும், என்-95 அணிந்தோரில் 22.9 விழுக்காட்டினருக்கும் இன்ஃபுளுவென்சா தொற்றியிருந்தது. 2010 செப்டம்பரில் அமெரிக்க மையமும் பருவகாலக் காய்ச்சலுக்கு அறுவை முகக்கவசமே போதுமெனத் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது.

கருவிகளை அணிவதைவிடக் கழற்றும் முறையே முக்கியமானது எனலாம். மிகுதியாக மாசுபட்ட கையுறை முதலிலும், முகக்கவசம் கடைசியிலும் கழற்றப்படும். பின்னர் கை கழுவப்படும்.

மருந்துகள்

புதிதாக உருவான தீநுண்மிகள் உயிரணுவிலிருந்து விடுபட நியூராமினிடேசு என்னும் நொதி தேவை. ஒசெல்டாமிவிர் (வணிகப் பெயர்: டாமிஃபுளூ), சனாமிவிர் ஆகியன அதனைத் தடுக்கின்றன. பழைய மருந்தான அமன்டடீன் இத்தீநுண்மியிடம் பயனற்றுப் போனது. பெரியவர்களுக்கு ஒசெல்டாமிவிர் 75 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு இருமுறை, 5 நாட்கள் தரப்பட்டது. அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் மிகுதி.

2009 நவம்பரில் வேல்சு நாட்டின் கார்டிஃப் நகர மருத்துவமனை ஒன்றில், நோயெதிர்ப்புத் திறன் குன்றிய நோயாளிகளிடையே ஒசெல்டாமிவிருக்குக் கட்டுப்படாத தீநுண்மி பரவியது. மருந்து இருந்தாலும் காப்புக் கருவியையும் தனி அறையையும் கைவிட இயலாது என்பதற்கு இது சான்று.

பலன் குறித்த விவாதம்

ஐக்கிய இராச்சியம் 42.4 கோடி பவுண்டு செலவில் டாமிஃபுளூவைச் சேமித்து வைத்தது. 2014இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, பெரியவர்களில் அறிகுறிகள் 7 நாட்களிலிருந்து 6.3 நாட்களாகவே குறைந்தன என்றது. குமட்டலும் வாந்தியும் கூடின. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 29,000க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை நோக்கி, இம்மருந்துகள் பெற்றோரில் இறப்பு குறைவெனக் கண்டது. எனினும் அது சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனை அன்று. மருந்து நிறுவன நிதியுதவியும் பெற்றது. 2017இல் உலக சுகாதார அமைப்பு தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் ஒசெல்டாமிவிரை முதன்மைப் பிரிவிலிருந்து துணைப் பிரிவுக்கு மாற்றியது.